பழைய காட்டன் புடவையில குயில்ட் போர்வை: மெஷின்ல தைச்சா அடித்துணி சுருங்குது, என்ன பண்றது?

மலைப்பனி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா போகும், முழுசா படிச்சுட்டு சொல்லுங்க ப்ளீஸ்.

நான் கோத்தகிரில இருக்கேன். டிசம்பர், ஜனவரில காலைல எழுந்து பார்த்தா புல்லு மேல எல்லாம் உறைபனி வெள்ளையா படிஞ்சிருக்கும், அந்தக் குளிருக்கு கடையில வாங்கற மெல்லிசு போர்வை பத்தவே பத்தாது. அஞ்சு வருஷமா நான் பழைய காட்டன் புடவை, வீட்டுக்காரரோட சட்டை, பொண்ணோட சின்ன வயசு பாவாடை இதையெல்லாம் கட்டம் கட்டமா வெட்டி ஒட்டுப் போர்வை தைக்கிறேன். முதல்ல எங்க வீட்டுக்கு மட்டும்தான். அப்புறம் எதிர்வீட்டுல தேயிலை பறிக்கப் போற அக்காவுக்கு பேரன் பிறந்தப்ப ஒண்ணு தைச்சுக் கொடுத்தேன், அதைப் பார்த்துட்டு அந்த லைன் வீடுகள்ல ஒவ்வொருத்தரா கேக்க ஆரம்பிச்சு இதுவரைக்கும் 24 போர்வை வெளிய போயிருக்கு. யார்கிட்டயும் காசு வாங்கறதில்ல, அவங்களே பழைய புடவை கொண்டாந்து கொடுத்துடுவாங்க, பஞ்சும் நூலும் என் செலவு.

இப்ப விஷயத்துக்கு வரேன். போன வருஷம் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆறு போர்வை தைச்சுக் கொண்டு போய் கொடுத்தேன். நடுவுல ஷீட்டா வர்ற ஃபைபர் பஞ்சு வச்சு, மேல துணி கீழ துணி சேர்த்து ஓரம் அடிச்சு, உள்ள ஒரு அடிக்கு ஒண்ணா கையாலயே முடிச்சுப் போட்டிருந்தேன். மூணு மாசம் கழிச்சு சும்மா பாத்துட்டு வரலாம்னு போனேன். ஜன்னல் ஓரக் கட்டில்ல ஒரு பாட்டி என்னோட போர்வையைத்தான் போத்திட்டு இருந்தாங்க. எனக்கு அவ்ளோ சந்தோஷம், பக்கத்துல உட்கார்ந்து தொட்டுப் பார்த்தா நெஞ்சுப் பக்கம் பஞ்சே இல்ல, வெறும் ரெண்டு துணி, பிடிச்சா விரலும் விரலும் ஒட்டுது. உள்ள இருந்த ஃபைபர் மொத்தமும் கால்மாட்டுல உருண்டை உருண்டையா திரண்டு கிடக்கு. அங்க எல்லாத்தையும் பெரிய மெஷின்ல சுடுதண்ணில போட்டுத் துவைக்கிறாங்களாம். பாட்டி குறை ஒண்ணும் சொல்லல, "கால் கதகதன்னு இருக்கு கண்ணு"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து எனக்கு சோறு இறங்கல.

அதனால இனிமே முடிச்சு வேண்டாம், முழுசா மெஷின்லயே குயில்ட் பண்ணிடலாம்னு, அதாவது மூணு படியையும் சேர்த்து வரி வரியா ஓட்டிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். என்கிட்ட இருக்கிறது உஷா ஜனோமி, வீட்டு மெஷின்தான். ரெண்டு தடவை முயற்சி பண்ணேன், மேல பார்த்தா நேரா அழகா வருது, திருப்பிப் பார்த்தா அடித்துணி அங்கங்க மடிஞ்சு மடிஞ்சு தையலுக்குள்ள மாட்டிட்டு நிக்குது. கடைசி ஓரத்துக்கு வரும்போது மேல்துணி ரெண்டு இஞ்ச் நீண்டு தள்ளிட்டு வருது. முழு போர்வையையும் மெஷின் கைக்கு அடியில திணிக்கவும் முடியல, இடுப்பு விட்டுப் போகுது. ஒரு பக்கம் பூராவும் பிரிச்சு எடுத்தேன், பிரிக்கும்போது பழைய புடவை ரெண்டு இடத்துல கிழிஞ்சும் போச்சு.

இதுக்கு தனியா ஃபுட்டு ஏதாவது இருக்கா, பஞ்சு எது வைக்கணும், எவ்வளவு நெருக்கமா தைக்கணும், சுடுதண்ணி துவைப்புக்கு நிக்கிற மாதிரி தைக்கத் தெரிஞ்சவங்க சொல்லிக் கொடுங்க. இந்த குளிருக்குள்ள அந்த ஆறையும் மாத்திக் கொடுத்துடணும்.

நூல்கண்டு_ஈரோடு எழுதியது:

அம்மிணி, நான் ஈரோட்டுல முப்பது வருசமா தையக்கடை வச்சிருக்கனுங்க. போர்வை தைக்கிறது எனக்கு பொழப்பு இல்லீங்க, ஆனா மூணு படி துணியை ஒண்ணா ஓட்டறது என்னன்னு தெரியும்ங்க, அதனால சொல்றேன்.

உங்க மெஷின்ல கீழ இருக்கிற பல்லு அடித்துணியை மட்டும்தான் புடிச்சு இழுக்குது. மேல இருக்கிற ஃபுட்டு அமுக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்குது, அது இழுக்காது. நடுவால பஞ்சு வேற மெத்துன்னு இருக்கறதால மேல்துணி அந்தக் கீழ்த்துணி கூட சேந்து போகாம கொஞ்சம் கொஞ்சமா பின்தங்கி முன்னால தள்ளிக்கிட்டே வருதுங்க. ஒரு தையலுக்கு ஒரு தலைமுடி அளவு தள்ளுனாலும் ஆறடி ஓடி முடியறப்ப ரெண்டு இஞ்ச் ஆயிப்போகும். நீங்க சொல்ற அந்த ரெண்டு இஞ்ச் அதானுங்க. உங்க கை மேல தப்பு இல்லை.

இதுக்கு வாக்கிங் ஃபுட்டுன்னு ஒண்ணு விக்குதுங்க. பெருசா, பெட்டி மாதிரி இருக்கும், அதுக்கு அடியிலயும் பல்லு இருக்கும், மேல்துணியையும் சேத்து இழுத்துக் கொடுத்துரும். மாட்டறப்ப ஒண்ணு முக்கியம், அதுல பக்கவாட்டுல கவை மாதிரி ஒரு கை நீட்டிக்கிட்டு இருக்கும், அந்தக் கை ஊசி டைட் பண்ற ஸ்க்ரூ மேல உக்காரோணும். ஊசி ஏறி இறங்கறப்ப அதுவும் ஏறி இறங்கோணும். பல பேரு அதை வெளிய தொங்க விட்டுட்டு ஃபுட்டு வேலை செய்யலைன்னு கடைக்காரங்கிட்ட சண்டைக்குப் போறாங்க. வாங்கப் போறப்ப உங்க பழைய ஃபுட்டை தண்டோட கழட்டி கையில கொண்டு போயி உயரம் ஒத்துப் பாத்து வாங்குங்க, மெஷினுக்கு மெஷின் உயரம் மாறும்.

அடுத்தது, ஃபுட்டோட அமுக்கம். சில மெஷின்ல தலைக்கு மேல ஒரு திருகு இருக்கும், அதை லூஸ் பண்ணுனா ஃபுட்டு லேசா உக்காரும், கனத்த துணிக்கு அது வேணும்ங்க. உங்குளுதுல அந்தத் திருகு இல்லைன்னா விட்டுருங்க, வாக்கிங் ஃபுட்டே பாதி வேலையப் பாத்துரும். தையல் நீளம் 3, இல்லை 3.5ல வைங்க. துண்டு ஒட்டறதுக்கு 2.5 சரி, ஆனா மூணு படியா ஓட்டறப்ப சின்ன தையல் போட்டா பழைய துணி சல்லடை மாதிரி ஆயிரும், அந்தக் கோட்டுலயே கிழியும். ஊசி 14ம் நம்பர் புதுசு போடுங்க. ஒரு பெரிய போர்வை முடிச்சா ஊசியத் தூக்கிப் போட்டுருங்க, காசு பாக்காதீங்க. மொன்னை ஊசி துணிய குத்தறதுக்குப் பதிலா பஞ்சை அடித்துணி வழியா வெளிய தள்ளும், கீழ வெள்ளை வெள்ளையா மொட்டு வந்திருந்தா அது ஊசி கோளாறுங்க.

இதெல்லாம் பண்ணியும் அடியில மடிஞ்சா அது மெஷின் வேலை இல்லைங்க, விரிக்கறதுல தப்பு. அடித்துணிய முதல்ல தரையில நல்ல பக்கம் கீழ இருக்கற மாதிரி விரிச்சு, நாலு பக்கமும் செல்லோடேப் இல்லாம அந்த பேப்பர் மாதிரி மாஸ்கிங் டேப் இருக்குமே, அதைப் போட்டு தரையோட ஒட்டிருங்க. சுருக்கம் இல்லாம விறைப்பா நிக்கோணும், ஆனா இழுத்துக் கட்டக் கூடாது, இழுத்துக் கட்டுனா டேப்பை எடுத்ததும் சுருங்கிக்கும். மேல பஞ்சு, அதுக்கு மேல ஒட்டுத்துணி. அப்புறம் நடுவால இருந்து வெளிய பாத்து ஊக்கு குத்திக்கிட்டே வரோணும், ஒரு கைமுட்டி அகலத்துக்கு ஒரு ஊக்கு. முட்டிய எங்க வச்சாலும் ஒரு ஊக்கு கீழ படோணும். ஒரு போர்வைக்கு இருநூறு ஊக்கு புடிக்கும், சலிப்பா இருக்கும், ஆனா அங்க மிச்சம் புடிச்ச ஒரு மணி நேரம் பிரிக்கறப்ப ரெண்டு நாளா திரும்பி வந்துரும்ங்க.

ஓசூர்வாசி எழுதியது:

மலைப்பனி அக்கா, அந்தப் பாட்டி விஷயம் படிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நீங்க திரும்பிப் போய் தொட்டுப் பார்த்தீங்க பாருங்க, அதுவே பெரிசு, நிறைய பேரு கொடுத்ததோட சரி.

நான் வேற பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். எங்க பக்கத்து வீட்டு கன்னடக்கார அஜ்ஜி கௌதி தைப்பாங்க, பஞ்சே வைக்க மாட்டாங்க. பழைய புடவையே நாலு, அஞ்சு படி, மேல துண்டுத்துணி, எல்லாம் சேர்த்து கையால ஓட்டுத்தையல்தான், விரல் அகலத்துக்கு ஒரு வரி. உள்ள பஞ்சு இல்லாததால திரளறதுக்கு ஒண்ணுமே இல்ல. வடக்கு கர்நாடகாவுல எல்லாப்பூர், ஹலியாள் பக்கம் சித்திங்கற ஆப்பிரிக்க வம்சாவளி சமூகத்துப் பெண்கள் தைக்கிற கவந்தியும் இதே வகைதான், அவங்க முன்னாடியே கட்டம் ஒட்டி வச்சுக்காம ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு துண்டு துண்டா வச்சுத் தைச்சுக்கிட்டே சுத்திச் சுத்தி நடுவுக்கு வந்து முடிப்பாங்க. நாலு மூலையிலயும் முக்கோணமா மடிச்ச துணியை ஒண்ணு மேல ஒண்ணா வச்சு பூ மாதிரி தைப்பாங்க, அது இல்லாம போர்வை முழுசு ஆகாதுன்னு சொல்லுவாங்க.

நம்ம வீட்டுலயும் பிள்ளை பிறந்தா பாட்டி புடவையை மடிச்சு மடிச்சு தைச்சுதான போட்டாங்க. அதனால ஃபைபரே வேண்டாம்னு முடிவு பண்ணுங்க அக்கா. கணக்கு பாருங்க, ப்ளவுஸ் பிட்டு இல்லாத புடவை அஞ்சரை மீட்டர், அதாவது 216 இஞ்ச். கட்டில் போர்வைக்கு 72 இஞ்ச் நீளம் போதும். ஒரே புடவையை மூணா வெட்டினா சரியா மூணு படி, அகலம் 45 இஞ்ச் அப்படியே இருக்கும், நடுவுல ஒட்டு போடவே வேண்டாம். ரெண்டு புடவைன்னா ஆறு படி. நான் அப்படித்தான் என் மாமியாருக்கு தைச்சேன், நாலு வருஷமா துவைக்கிற கல்லுல அடி வாங்கிட்டு இருக்கு.

கையால தைச்சா என்ன அக்கா? பெரிய தையலா போட்டா நினைக்கிற அளவுக்கு நேரம் ஆகாது, ஒரு வாரம் சாயங்காலம் உட்கார்ந்தா முடிஞ்சிடும்.

நூல்கண்டு_ஈரோடு எழுதியது:

ஓசூர் தங்கச்சி சொல்ற புடவைக் கணக்கு ரொம்ப சரிங்க, நான் இப்படி யோசிச்சதில்லை. பஞ்சு இல்லாம படி படியா போடறது துவைப்புக்கு நிக்கும், சந்தேகமே இல்லை.

ஆனா கைத்தையல்ல மட்டும் நான் ஒத்துக்க மாட்டனுங்க, அதுவும் முதியோர் இல்லத்துக்கு. ஓட்டுத்தையல்ல இருக்கறது ஒரே நூலு. கட்டில் கம்பியிலயோ மெஷின்லயோ மாட்டி ஒரு இடத்துல அறுந்தா அந்த வரி பூராவும் உருவிக்கிட்டு வந்துரும். வீட்டுல அறுந்தா நீங்க உக்காந்து மறுபடி தைச்சுருவீங்க. அங்க தைக்க ஆளு ஏது? மெஷின் தையல்ல மேல் நூலும் பாபின் நூலும் ஒண்ணையொண்ணு கவ்விக்கிட்டு இருக்கும், ஒண்ணு அறுந்தாலும் அடுத்த தையல் சட்டுனு விடாது. மாமியாருக்கு கைத்தையல் போடுங்க, நூறு பேரு துணியோட சேந்து சுடுதண்ணில சுத்தப் போறதுக்கு மெஷின் தையல் போடுங்க.

அப்புறம் இலவம் பஞ்சு வைக்கலாமான்னு யாராச்சும் கேப்பீங்க. தலையணைக்கு, மெத்தைக்கு அருமைங்க, துவைக்கிற போர்வைக்கு ஆகாது, தண்ணி பட்டா கட்டி கட்டியா ஆயிரும்.

யாழ்_ஸ்காபரோ எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன். நீங்கள் இடுப்பு விட்டுப் போகுது எண்டு எழுதினதைப் பாத்ததும் எழுதோணும் போல இருந்தது, எனக்கும் அதே பிரச்சினைதான் இருந்தது, என்ர மெஷினும் சின்னது, ஊசிக்கும் உடம்புக்கும் இடையில ஏழு இஞ்சிதான்.

முழுப் போர்வையையும் ஒரேயடியா உள்ளுக்குத் திணிக்கத் தேவையில்லை. நான் செய்யிறது என்னெண்டால், 15 இஞ்சிக் கட்டமா மேல்துணி, நடுத்துணி, அடித்துணி மூண்டையும் வச்சு ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியா தைச்சு முடிச்சிடுவன். மடியில வச்சுத் தைக்கிற அளவுதான், பாரமே இல்லை. ஓரத்தில முக்கால் இஞ்சி தைக்காமல் விடோணும். பிறகு எல்லாத்தையும் அளவா வெட்டி, ரெண்டு கட்டத்துக்கு நடுவில மேலுக்கு ஒரு பட்டி கீழுக்கு ஒரு பட்டி வச்சு இணைக்கிறது. கடைசியில நீட்டு நீட்டா வரிசையளைச் சேர்க்கேக்க மட்டும்தான் பெரிசாத் தெரியும், அதுவும் நேர்த் தையல். பட்டி போட்ட இடம் கொஞ்சம் தடிப்பா இருக்கும், ஆனா பாவிக்கிற ஆக்கள் அதைக் குறையா எடுக்கிறேல்லை.

நான் இதைப் பழகினதே அம்மா செத்துப்போன பிறகுதான். அவவின்ர நூல் சீலையள் பதினெட்டு இருந்தது, நாங்கள் நாலு பிள்ளையள், ஆருக்கு எது எண்டு பிரிக்க மனம் வரேல்லை. எல்லாத்தையும் வெட்டி நாலு போர்வை, நாலிலயும் பதினெட்டுச் சீலையும் வாற மாதிரித் தைச்சன். அம்மா சீலைத் தலைப்பில காசை முடிஞ்சு வைக்கிறவ. ஒரு சீலையில அந்த முடிச்சுப் போட்ட மூலை அப்பிடியே நெளிஞ்சு, விரிஞ்சு போயிருந்தது, கஞ்சி போட்டு ரெண்டு தரம் அயர்ன் பண்ணியும் நேராகேல்லை. அதை வெட்டி எறிய என்னால ஏலாமல் போச்சு. பின்னால ஒட்டுற கான்வாஸ் மெல்லிசா வச்சு அயர்ன் பண்ணி, அந்த நெளிவோடயே என்ர போர்வையின்ர ஒரு மூலைக் கட்டமா வச்சுத் தைச்சன். இப்பவும் இரவில கை அங்கதான் போகும்.

பழைய சீலைக்கு நான் கண்ட வழி, வெட்ட முதல் ஒவ்வொண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பாருங்கோ. கொசுவம் வாற இடமும் கீழ்க்கரையும்தான் முதல்ல நைஞ்சு போகும், அதை விட்டிட்டு தலைப்புப் பக்கமும் உள்பக்கமும் எடுங்கோ. பிறகு நல்ல தடிப்பா கஞ்சி போட்டு அயர்ன் பண்ணின பிறகு வெட்டுங்கோ, துணி கடதாசி மாதிரி நிக்கும், வழுக்காது, பிரிஞ்சு போகாது, மெஷினுக்குள்ளயும் இழுபடாது. தைச்சு முடிய ஒருக்கால் துவைச்சால் கஞ்சி போயிடும். சரிகைக் கரையைக் கட்டாயம் வெட்டி எடுங்கோ, வயது போன ஆக்களின்ர தோல்ல அது கீறும்.

மிச்சிகன்_மீனம் எழுதியது:

அருமையான த்ரெட். நான் இங்க மிச்சிகன்ல எங்க ஊர் குயில்ட் கில்டுல, அதாவது போர்வை தைக்கறவங்க சங்கத்துல எட்டு வருஷமா இருக்கேன், மாசத்துல ஒரு சனிக்கிழமை முழுக்க தர்மத்துக்குத்தான் தைப்போம். இந்த ஊர்ல இது பெரிய பழக்கம். கஷ்டத்துல இருக்கற குழந்தைகளுக்கும் பதின்வயசுப் பசங்களுக்கும் போர்வை கொடுக்கற ப்ராஜெக்ட் லைனஸ் 1995ல ஆரம்பிச்சது, போருக்குப் போய் வந்த ராணுவத்துக்காரங்களுக்கு கொடுக்கற குயில்ட்ஸ் ஆஃப் வேலர் 2003ல ஆரம்பிச்சது. ரெண்டுமே வீட்டுல உட்கார்ந்து தைக்கறவங்களை நம்பித்தான் ஓடுது.

இங்க கத்துக்கிட்டதுல முதல் பாடம், தைக்கறதுக்கு முன்னாடி அங்க போய் கேக்கணும். கட்டில் என்ன அளவு, யார் துவைக்கறாங்க, எப்படி காயப் போடறாங்க, படுத்தே இருக்கறவங்களா இல்ல வீல்சேர்ல உட்கார்றவங்களா. வீல்சேர்ல இருக்கறவங்களுக்கு நீளமா தைச்சோம்னா ஓரம் சக்கரத்துல மாட்டும், அவங்களுக்கு மடியில போடற அளவு, 36க்கு 45 போதும். கீமோ எடுத்துக்கறவங்களுக்குன்னா வாசனை சோப்பு, கம்ஃபர்ட் எதுவும் போடாம துவைச்சுத்தான் கொடுப்போம், வாசனையே அவங்களுக்கு குமட்டும்.

பேரன் பிறந்த அக்காவுக்கு கொடுத்தேன்னு எழுதியிருந்தீங்க. ஒரு விஷயம் அவங்ககிட்ட சொல்லிடுங்க, ஒரு வயசு ஆகற வரைக்கும் குழந்தை தூங்கும்போது மேல போர்வை போத்தி விடக்கூடாதுன்னு இங்க குழந்தை டாக்டர்கள் கண்டிப்பா சொல்றாங்க, முகத்துல ஏறி மூச்சு முட்டலாம். முழிச்சிருக்கும்போது கீழ விரிச்சு விளையாட விடறதுக்கு தாராளமா வச்சுக்கலாம். நாங்க குழந்தைப் போர்வை கூடவே ஒரு சின்ன சீட்டுல இதை எழுதியே கொடுக்கறோம்.

சாயம் பத்தி யாரும் சொல்லல. புடவை எத்தனை தடவை துவைச்சதா இருந்தாலும் சுடுதண்ணில புதுசா சாயம் விடலாம், முக்கியமா சிவப்பு, அரக்கு, கருநீலம். ஒவ்வொரு துணியையும் சுடுதண்ணில நனைச்சு வெள்ளைத் துணியில அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க. கறை ஒட்டினா அந்தத் துணி இந்தப் போர்வைக்கு வேண்டாம், உப்பு போட்டா நிக்கும்னு சொல்றதை நம்பாதீங்க. புதுத்துணி சேர்க்கறதா இருந்தா அதை முதல்லயே துவைச்சு சுருங்க விட்டுடுங்க, பழைய புடவை சுருங்கி முடிஞ்சது, புதுசு இனிமேதான் சுருங்கும்.

இங்க நிறைய பேர் மேல்துணி மட்டும் ஒட்டிட்டு லாங்ஆர்ம் வச்சிருக்கறவங்ககிட்ட கொடுத்துடுவாங்க. அது பத்துப் பன்னிரண்டு அடி நீள ஃப்ரேம், துணி அதுல உருளையில சுத்தி விறைப்பா நிக்கும், மெஷின்தான் அது மேல அங்கயும் இங்கயும் ஓடும். சதுர இஞ்சுக்கு இவ்வளவுன்னு கணக்கு போட்டு காசு வாங்குவாங்க. அதைப் பார்த்து நம்மால முடியாதுன்னு நினைச்சுடாதீங்க, எங்க கில்டுல தர்மத்துக்குப் போறதுல பாதிக்கு மேல வீட்டு மெஷின்ல வாக்கிங் ஃபுட் போட்டு நேர்கோடா தைச்சதுதான். பூ போட்ட வளைவு டிசைன் எல்லாம் பின்னாடி பழகிக்கலாம். அதுக்கு கீழ் பல்லை இறக்கிட்டு, டார்னிங் ஃபுட் போட்டு, துணியை நம்ம கையாலயே நகர்த்தணும். நம்ம ஊர் டெய்லர்கள் கால் மெஷின்ல வளையம் மாட்டி எம்பிராய்டரி போடறதும் அதே வேலைதான்.

தைக்கற வரிசை முக்கியம். முதல்ல சரியா நடுவுல ஒரு கோடு நெட்டுக்கு, ஒரு கோடு குறுக்குக்கு. அப்புறம் நடுக்கோட்டுல இருந்து வலது பக்கம் தைச்சுட்டுப் போய், திருப்பிட்டு இடது பக்கம். பக்கத்து பக்கத்து கோட்டை ஒண்ணு மேல இருந்து கீழ, அடுத்தது கீழ இருந்து மேலன்னு மாத்தி மாத்தி தைச்சீங்கன்னா துணி சாய்வா இழுத்துக்கும், நெளி நெளியா தெரியும். ஒரு பாதியில இருக்கற கோடு எல்லாம் ஒரே பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. மெஷினுக்கு இடது பக்கமும் பின்பக்கமும் டேபிள் போட்டு போர்வை கனத்தை அது தாங்கட்டும், தொங்கவிட்டா கனமே ஊசியை இழுத்து தையல் சின்னதும் பெருசுமா விழும்.

மலைப்பனி எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அஞ்சு வாரம் ஆச்சு, ஒண்ணு முடிச்சுப் பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன்.

மீனம் அக்கா சொன்ன மாதிரி முதல்ல அந்த இல்லத்துக்குப் போய் சலவை பண்றவங்ககிட்ட உட்கார்ந்து பேசினேன். அவங்க சொன்ன ஒரு விஷயம் நான் யோசிச்சதே இல்ல, கனமா இருக்கற போர்வை இங்க மழைக்காலத்துல மூணு நாளானாலும் காயறதில்லையாம், ஈரத்தோட மடிச்சு வச்சு நாத்தம் அடிச்சுப் போகுதாம். அதனால மெல்லிசா ரெண்டு கேட்டாங்க, தடியா ஒண்ணு வேண்டாம்னாங்க. ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு போத்தினா குளிரும் தாங்கும், துவைச்சாலும் சீக்கிரம் காயும். பழைய போர்வை ஆறையும் வாங்கிட்டு வந்துட்டேன்.

குன்னூர்ல கேட்டு கிடைக்கல, கோயம்புத்தூர் போனப்ப ஃபுட்டை கையில எடுத்துட்டுப் போய் ஒத்துப் பாத்துதான் வாக்கிங் ஃபுட் வாங்கினேன் அண்ணா. ஓசூர் தங்கச்சி கணக்குப்படி 45க்கு 72, அடியில ஒரு புடவைத் துணி, நடுவுல ஃபைபருக்குப் பதிலா அதே புடவையோட ரெண்டு படி, மேல கட்டம் கட்டமா ஒட்டினது. கஞ்சி போட்டு வெட்டினது எவ்வளவு வித்தியாசம் ஸ்காபரோ அக்கா, எனக்கு இத்தனை வருஷம் இது தெரியாம போச்சே. எங்க வீட்டு ஹால் சிவப்பு சிமெண்ட் தரை, அதுல டேப் அழகா ஒட்டுச்சு, பொண்ணும் நானும் முட்டி போட்டு 180 ஊக்கு குத்தினோம். நடுவுல இருந்து ஆரம்பிச்சு ரெண்டரை இஞ்ச் இடைவெளில நேர்கோடு. திருப்பிப் பாத்தேன், ஒரு மடிப்பு கூட இல்ல. உள்ளங்கையை வச்சு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் தடவிக்கிட்டே போனேன், வரி வரியா மேடு பள்ளம் மட்டும்தான் தெரியுது.

அப்புறம் கொடுக்கலை. எங்க வீட்டு மெஷின்ல 60 டிகிரி வச்சு அஞ்சு தடவை துவைச்சேன், ஒவ்வொரு தடவையும் காயவச்சு மறுபடி போட்டேன். ரெண்டாவது துவைப்புல ஒரு அரக்கு கட்டம் பக்கத்து கட்டத்துல லேசா சாயம் விட்டுடுச்சு, அது நான் தேய்ச்சுப் பாக்காம விட்ட ஒரே துணி. தையல் ஒண்ணு கூட விடலை. நீளத்துல மட்டும் முக்கால் இஞ்ச் குறைஞ்சிருக்கு, ஓரப்பட்டிக்கு புதுத்துணி போட்டேன், துவைச்சுட்டுப் போட்டிருக்கணும்.

நேத்து அதையும் ரெண்டாவதையும் பாட்டிகிட்ட கொடுத்துட்டு வந்தேன். அவங்க கால் பக்கம் போட்டுப் பாத்துட்டு, அப்புறம் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டாங்க. இன்னும் பத்து இருக்கு. பக்கத்து லைன்ல ரெண்டு பேரு வந்து ஊக்கு குத்திக் கொடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க.

ஈரோடு அண்ணா, ஒரு சந்தேகம். ஓரப்பட்டி நேர்த்துணியில வெட்டினது போதுமா, இல்ல கிராஸ்ல, அதாவது சாய்வா வெட்டணுமா? மூலையில கொஞ்சம் தூக்கிட்டு நிக்குது.

நூல்கண்டு_ஈரோடு எழுதியது:

மனசு நெறஞ்சு போச்சுங்க அம்மிணி.

நேர் ஓரத்துக்கு நேர்த்துணிப் பட்டியே போதும்ங்க, கிராஸ் வளைவுக்குத்தான் வேணும், துணியும் வீணாகும். உங்குளுக்கு மூலை தூக்கறது பட்டிய இழுத்துப் புடிச்சுத் தைக்கறதாலதான். ரெண்டரை இஞ்சுல வெட்டி ரெண்டா மடிச்சு அயர்ன் பண்ணிக்குங்க. மூலைக்கு கால் இஞ்ச் இருக்கறப்ப நிறுத்தி, தையலை முடிச்சு, பட்டிய நேரா மேல மடக்கி, திரும்ப கீழ மடக்கி, மடிப்பு ஓரத்தோட ஒத்து இருக்கான்னு பாத்துட்டு அடுத்த பக்கத்தை ஓரத்துல இருந்து ஆரம்பிங்க. நூலு கலர் எதுவா இருந்தாலும் சரி, ஓரத்துக்கு மட்டும் ரெண்டு தரம் ஓட்டிருங்க, துவைக்கறப்ப முதல்ல அடி படறது அங்கதான்.